திரும்பி வரக் கூடாத நிலைப்படி

எங்கள் அலுவலகத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் மூச்சை இழுப்பார்கள். கண்ணை மூடி, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, கர்ப்பூரத்துக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போல. "ஆஹா, மண்!" என்பார்கள்.

மண் இல்லை அது. சாணம். வரவேற்பறைத் தரையை வாரம் தவறாமல் மெழுகுகிறோம். கட்கி பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து, மூடி போட்ட பெயின்ட் வாளியில், அலுவலகத்தை நடத்தும் ஆர்க்கிடெக்ட் சாரின் எலெக்ட்ரிக் கார் டிக்கியில் சாணம் வருகிறது. மெழுகிக் காய்ந்ததும் மேலே எலுமிச்சைப்புல் தைலம் தெளிக்கிறார்கள். மூங்கில் தட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஏசி ஓடுகிறது. சாணம், தைலம், ஏசிக் குளிர் மூன்றும் கலந்த ஒரு வாடை என் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி வீட்டில் மிளகு ரசம் குடித்தாலும் இறங்காது.

மெழுகுகிற பெண் ஏரவாடாவிலிருந்து வருகிறாள். "எங்க வீட்ல போன தீபாவளிக்கே டைல்ஸ் போட்டாச்சு மேடம். இங்க வந்தாத்தான் சாணி" என்று சிரிப்பாள். கையைக் கழுவிக் கழுவி மோந்து பார்த்துக்கொள்வாள். அவள் கையை யாரும் "ஆஹா" என்று மோந்ததில்லை.

பொய் சொல்லக் கூடாது. எங்கள் சுவர்கள் நல்ல சுவர்கள். மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய அறைகளில் மே மாத மதியத்திலும் ஃபேன் இல்லாமல் படுக்கலாம். சிமென்ட்டைக் குறைத்தோம், மழைநீரைச் சேர்த்தோம், மலையைக் குடையாமல் வீடு கட்டினோம். சூழலுக்கு இசைந்த கட்டடம், கிராமத்துக் கட்டடக் கலை என்று எங்கள் பலகையில் எழுதியிருப்பதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னை இத்தனை வருடம் அங்கே உட்கார வைத்தது. மீதிப் பாதிதான் குமட்டுகிறது.

என் வேலை வரைபடம் போடுவது. மராத்தி எனக்குத் தெருவில் கிடைத்த மொழி, கட்கியில் பிறந்தவள் ஆயிற்றே. அதனால் கிராமத்துக்காரர்களிடம் பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. நான் தமிழில் ஏதோ எழுதுவேன் என்று சாருக்கு எப்படியோ தெரிந்துபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பழைய பொருளுக்கும் "ரெண்டு லைன்" கேட்பார். தூணுக்கு ரெண்டு லைன். ஆட்டுக்கல்லுக்கு ரெண்டு லைன். நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒட்டுவார்கள். வீட்டில் என் மகள் என் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து, நாலாவது வரியில் கொட்டாவி விடுகிறாள். பித்தளைத் தகட்டை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள்.

பழைய மரம் எங்கள் பெருமை. புது மரம் வெட்டக் கூடாது என்பது சாரின் கொள்கை. கிராமத்தில் வீட்டை இடித்து கான்கிரீட் ஸ்லாப் வீடு கட்டுகிறவர்களிடமிருந்து தேக்குத் தூண், உத்தரம், நிலையோடு சேர்ந்த கதவு எல்லாம் வாங்குவோம். ஒரே சங்கடம், அந்தக் கதவுகள் குள்ளம். குனியாமல் நுழைய முடியாது. நிலைப்படியோ தாண்டுகிறவன் காலைத் தூக்கி வைக்கிற உயரம். எங்கள் வாடிக்கையாளர்கள் குனிந்து பழகாதவர்கள். அவர்களுடைய தலைவாசலுக்கு ஆகாது. படுக்கையறைக்கும் ஆகாது, கட்டில் நுழையாது. கடைசியில் எல்லாப் பழைய தலைவாசலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

விருந்தாளிகளுக்கான கழிவறை.

சார் அதைப் பவுடர் ரூம் என்பார். அங்கே மட்டும் குள்ளம் ஒரு குறும்பாகத் தெரியும். படி உயரமாக இருப்பதால் உள்ளே சிந்திய தண்ணீர் ஹாலுக்கு வராது. "பாருங்க, நம்ம பாரம்பரியத்துக்குள்ளயே வாட்டர்ஸ்டாப் இருக்கு!" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார். படியில் படிந்த மஞ்சளையும் குங்குமத்தையும் சுரண்டக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். அதன் மேல் மெழுகு பூசிக் காப்பாற்றுவோம். குங்குமத்துக்கு மேல் மெழுகு, மெழுகுக்கு மேல் ஈரக்கால். வீட்டுக்காரர்கள் நாள்கிழமையில் பொட்டு வைத்து, கோலம் போட்டு, மிதிக்காமல் தாண்டிய படி அது என்பது எங்கள் அலுவலகத்தில் தெரியாத ஆள் இல்லை. தெரிந்ததைத் தகட்டில் வேறு எழுதியிருந்தோம். எழுதிவிட்டு, கழிவறையில் மாட்டினோம். இது ஒரு தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற மறதி.

நான் சொல்ல வந்தது ஒரு கதவைப் பற்றி.

போர் என்கிற ஊருக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே, மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டை இடிக்கும்போது சாரும் நானும் போயிருந்தோம். ஓடு இறங்கிவிட்டது, தூண்கள் படுத்திருந்தன, நிலை மட்டும் கதவோடு தனியாக நின்றது, சுற்றிலும் சுவரே இல்லாமல். வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவரை நான் வஹினி என்று கூப்பிட்டேன். மராத்தியில் கல்யாணமான பெண்ணை அப்படிக் கூப்பிடுவது மரியாதை, நம் அண்ணி மாதிரி. வஹினி எங்களுக்கு டீ கொடுத்தார். கதவைக் காட்டி, "இதை எப்போ எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இன்னிக்கே எடுத்துடுவீங்கல்ல?" என்றார்.

கார் கிளம்பியதும் சார் பின்கண்ணாடியில் அந்த நிலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த அம்மா கண்ணைப் பார்த்தீங்களா? பிரிய முடியல அவங்களால" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் கதவுக்கு நான் எழுதிய ரெண்டு லைன், "இங்கே குனியாமல் யாரும் நுழைந்ததில்லை. குனிந்தவர் அனைவருக்கும் வணக்கம்." கதவு முள்ஷி பக்கம் ஏரியைப் பார்த்த ஒரு பண்ணை வீட்டுக்குப் போனது. கோரேகாவ் பார்க்கில் இருக்கிற ஒரு பணக்கார அம்மாவின் வாரக்கடைசி வீடு. ஹாலை ஒட்டிய கழிவறை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. ஒருநாள் அந்த வீட்டுக்காரர், வஹினியின் கணவர், போன் செய்தார். கொடுத்த படியைத் திருப்பித் தர முடியுமா?

அவர் சொன்ன காரணங்கள்: படி போனதிலிருந்து வீட்டில் எதுவும் சரியில்லை. எருமை செத்தது. அண்ணன் பைக்கிலிருந்து விழுந்தார். இப்போது மகனுக்குக் கல்யாணம். புது மருமகள் படி மேல் வைத்த அரிசிச் செம்பை வலது காலால் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். புது வீட்டு வாசலில் கிரானைட் பட்டைதான் இருக்கிறது, தரையோடு தரையாக. "அதுல எங்க மேடம் செம்பை வைக்கிறது? படியே இல்லாத வீடு என்ன வீடு? நிலையோட குடுத்துடுங்க, கிரானைட்டை உடைச்சுப் பதிச்சுக்கறோம்."

சாரிடம் சொன்னேன். சார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிஜமாகவே வைத்துக்கொண்டார். "வீடு திரும்பும் வாசல்" என்றார். அந்த நிமிடமே அது ஒரு குறும்படமாகிவிட்டது. பண்ணை வீட்டு அம்மாவுக்குப் போன் போனது, அவரும் உருகினார், தருவதாகச் சொன்னார். அவருக்கு வேறு கதவு போட்டுக் கொடுப்போம், எங்கள் கிடங்கில் குள்ளக் கதவுகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் படம், மறுநாள் நிலையைப் பெயர்த்து டெம்போவில் ஊருக்கு அனுப்புவது.

"வீட்டுக்காரர் வேண்டாம், அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் சார். "ஆம்பளைங்க கேமரா முன்னாடி அழ மாட்டாங்க. அவங்க முகத்துல மண் இருக்கு."

முகத்துல மண். நான் கைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வஹினி தனியாகப் போன் செய்தார். எங்கோ பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறார் என்று சத்தத்தில் தெரிந்தது.

"தாயி" என்றார். மராத்தியில் அது அக்கா. "தாயி, அந்தப் படியைக் குடுத்துடாதீங்க."

"ஏன் வஹினி? உங்க வீட்டுக்காரர்தானே கேட்டார்?"

"அவர் கேப்பாரு. அவரா வெளியில படுத்தாரு?"

பிறகு அவர் சொன்னது. மாதாமாதம் அந்த நாட்களில், காக்கா தொட்டுவிட்டது என்பார்கள் அவர்கள் ஊரில், அந்தப் படிக்கு வெளியே போய்விட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை. தட்டு தனி, கம்பளி தனி. படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, படியில் உட்காரக் கூடாது, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உள்ளே குழந்தை அழுதாலும் அப்படியே. இருட்டியதும் மாமியார் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து குறுக்குக்கட்டையைப் போடுவார்.

"அந்தக் கட்டை விழற சத்தம் இருக்கே தாயி. டொப்புனு. வெளியில இருந்து கேட்டாத்தான் தெரியும். மாமியா போய்ச் சேர்ந்தாங்க. அப்புறம் இவரு போட்டாரு."

"புது வீட்ல?"

வஹினி சிரித்தார். "அதான் சொல்றேன். புது வீட்டுக்குக் குடி போன முதல் மாசம் வாசல்ல வந்து நின்னேன். எங்க நிக்கறதுன்னே தெரியல. வெளியிலயும் அதே டைல்ஸ், உள்ளயும் அதே டைல்ஸ். எது வெளி, எது உள்? இவரும் பாக்கறாரு, நானும் பாக்கறேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு நேரா போய் கேஸைப் பத்த வச்சுட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லத் தெரியல. அதோட போச்சு. படி போச்சு, இதுவும் போச்சு."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இப்போ வரப்போற பொண்ணு தாபோடியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. படி வந்தா எல்லாம் வந்துடும் தாயி. இப்பவே இவரும் இவங்க அண்ணனும் பேசிக்கறாங்க, படி வந்தா வீடு பழையபடி ஒழுங்காயிடும்னு. ஒழுங்குன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? குடுக்கறதா இருந்தா என்கிட்ட குடுங்க. கல்யாண வெந்நீர் அடுப்புல வச்சுடறேன். தேக்கு நல்லா எரியும்."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படி இப்போது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டுத் தலைவாசலைக் கழிவறைக்கு மாட்டியிருக்கிறோம் என்று எந்த மொழியில் சொல்வது? அவர் வெறுத்தாலும் அவர் வீட்டுப் படி. வெறுப்பதற்கும் ஒரு மானம் உண்டு, அதைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். "பாக்கறேன் வஹினி" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தது என்னவோ என் சின்ன வயசுக் கட்கியைத்தான். அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். ஒன்றரை அறை. எங்கள் வீட்டில் அதைத் தூரம் என்பார்கள். ஒன்றரை அறையில் எங்கே தூரம்? பின்பக்கக் கதவுக்கு அருகில், கரி வாளிக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு பாய். கையை நீட்டினால் அடுப்பு. நீட்டக் கூடாது. அம்மா தட்டை எட்ட நின்று தள்ளிவிடுவாள், எவர்சில்வர் சிமென்ட் தரையில் கீச்சென்று வழுக்கிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணும் அன்றைக்கு அவர்கள் பின்வாசலில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் இருவரும் வாளி மறைவில் தாயம் ஆடுவோம். அவள் சோழிகளைத் தொட்டால் எனக்குத் தீட்டில்லை, நான் தொட்டால் அவளுக்குத் தீட்டில்லை. உலகத்திலேயே எங்கள் இருவருக்குள் மட்டும்தான் சமத்துவம். இதை எந்தப் பித்தளைத் தகட்டில் வெட்டுவது?

மறுநாள் சாரிடம் போனேன். "அந்த அம்மாவுக்கு அது திரும்பி வர இஷ்டமில்லை சார்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னாங்க."

சார் என்னைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவை நான் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன். "வேண்டாம்னு சொல்றதுதான் அவங்க பண்பு. கிராமத்து ஜனங்க வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க. நீங்க கவிஞர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

காரணத்தைச் சொன்னேன். மாட்டுக் கொட்டகையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, நல்ல கம்பளியில் ஒரு கறையைப் பார்த்த மாதிரி. "அது ஒரு லேயர்" என்றார். "ஆனா படத்துல அந்த லேயர் வேண்டாம்."

படம் எடுக்கும் நாள் காலையில் சாரிடமிருந்து வாட்ஸாப்பில் குரல்செய்தி வந்தது. சார் ஏற்கெனவே பண்ணை வீட்டில் இருந்தார். குரல் பதறியது. கதவு எந்த அறையில் இருக்கிறது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. "அந்த அம்மாகிட்ட கழிவறைன்னு சொல்ல வேண்டாம். உள் அறைன்னு சொல்லுங்க. கதவைச் சாத்தியே வச்சிருக்கோம். மாவிலைத் தோரணம் கட்டியாச்சு, விளக்கு வச்சாச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஆஃப். அவங்க வெளியில இருந்து தொட்டாப் போதும்."

வெளியில இருந்து தொட்டாப் போதும். காரில் உட்கார்ந்து அதை நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வஹினி கல்யாணத்துக்கு எடுத்த புதுப்புடவையில் வந்து ஏறினார். ஏசியை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார். வழியில் கரும்புச் சாறு குடித்தோம். ஏரி தெரிந்ததும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "ஆழமா தாயி?" என்று கேட்டார்.

"ஆழம்தான்."

"நாளைக்கு டெம்போ இந்த வழிதானே வரும்? டிரைவர்கிட்ட சொல்லி, டயர் பஞ்சர்னு நிறுத்தி, இங்கேயே தள்ளிடலாமா?"

"மிதக்கும் வஹினி, தேக்கு."

"மிதந்து எங்க ஊருக்கே வந்துடும் சனியன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி, "அந்தப் பொண்ணு நைட் டூட்டி முடிஞ்சு வந்து கொட்டாயிலயா படுக்கும்?" என்றார், என்னிடம் இல்லை, ஏரியிடம்.

பண்ணை வீட்டில் பளிங்கு மாதிரி மெழுகிய செம்மண் தரை. பண்ணை வீட்டு அம்மா கைத்தறிப் புடவையில் வெறுங்காலோடு நின்றார். கேமராவோடு ஒரு இளைஞன். சார் கைகூப்பி, குனிந்து, வஹினியின் காலைத் தொடப் போகிற மாதிரி போய்த் தொடாமல் நின்றார். ஹாலின் கோடியில் அந்தக் கதவு. தோரணம், குத்துவிளக்கு, தட்டில் பூ. ஊதுபத்திப் புகை. புகைக்கு அடியில், எவ்வளவு மறைத்தும், வட்டமான அந்தக் கழிவறை வில்லையின் வாசம். சாமி கும்பிடுகிற மாதிரி எல்லாரும் ஒரு கக்கூஸ் முன்னால் நின்றோம்.

"இங்க என்ன எழுதியிருக்கு?" வஹினி தகட்டைக் காட்டினார்.

"இங்கே குனியாம யாரும் நுழைஞ்சதில்லைன்னு. குனிஞ்சவங்களுக்கு வணக்கம்னு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ரோலிங்" என்றான் கேமராக்காரன். சார் தணிந்த குரலில், "தொடச் சொல்லுங்க, மெதுவா" என்றார். வஹினி தொடவில்லை. மெழுகுக்கு அடியில் மங்கிக் கிடந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "உள்ள என்ன?" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். பண்ணை வீட்டு அம்மா விளக்கைப் பார்த்தார். உள் அறை என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. வந்து, சாணமும் தைலமுமாக அங்கேயே நின்றது.

"நீங்களே தொறந்து பாருங்க வஹினி."

"வேண்டாம் வேண்டாம், விளக்கு..." என்று சார் நகர்வதற்குள் அவர் தட்டை ஓரமாக நகர்த்தி, கதவைத் தள்ளிவிட்டார்.

வெள்ளை வெளேரென்று கமோடு. மூடி திறந்திருந்தது. அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது, யாரோ வேண்டுமென்றே விளக்குப் போட்ட மாதிரி.

நான் வஹினியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். முதலில் கேட்டது ஒரு விக்கல் மாதிரி இருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கேமராக்காரனுக்குக் கையால் சைகை காட்டினார், கிட்டே போ என்று.

வஹினி சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். "கக்கூஸா? தாயி, கக்கூஸா! குனிஞ்சவங்களுக்கெல்லாம் வணக்கமா!"

அப்படியே பையிலிருந்து போனை எடுத்தார். புருஷனுக்கு வீடியோ கால் போட்டார். ஸ்பீக்கரில் ஊர்க் கோழிச் சத்தத்தோடு அவர் குரல் ஹால் முழுக்க விழுந்தது.

"என்ன, படியைப் பாத்தியா? பத்திரமா இருக்கா?"

"நீங்களே பாருங்க. நம்ம படிதானே?"

"நம்மதுதான். குங்குமம்கூட இருக்கே! நல்லா வச்சிருக்காங்க. தோரணமெல்லாம் கட்டி... பின்னாடி அது என்ன வெள்ளையா, சங்கு மாதிரி?"

"சங்கு இல்ல. கக்கூஸ்."

"என்னது?"

"நம்ம தலைவாசலைக் கக்கூஸுக்கு மாட்டியிருக்காங்க. வந்ததுல இருந்து இங்கதான் இருக்கு போல. நல்லா காட்டறேன் பாருங்க. இதோ குழாய். இதோ அந்தக் காகிதச் சுருள்."

கோழி மட்டும் கத்தியது. பிறகு, "அடச்சீ!" என்றார் அவர். வயிற்றிலிருந்து வந்த சத்தம். "சீ, சீ! அது வேண்டாம். வீட்டுப் பக்கமே வரக் கூடாது. அங்கேயே கிடக்கட்டும். நீ அதைத் தொட்டியா? தொடாதே! குளிச்சுட்டு வா!"

எனக்கு அந்தச் சொல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடமாக அந்த அலுவலகத்தின் தரையில், தகட்டில், மூச்சு இழுத்த முகங்களில் நான் சொல்லத் தேடிய ஒரே சொல், தப்பான ஆளின் வாயிலிருந்து, தப்பான காரணத்துக்காக வந்து விழுந்தது. விழுந்ததும் வேலை முடிந்தது. எந்த அருவருப்பு வஹினியைக் கொட்டகைக்கு அனுப்பியதோ, அதே அருவருப்பு இப்போது படியை ஊருக்குள் வராமல் தடுத்து நிறுத்திவிட்டது. இனி எந்தத் தேக்கையும் எரிக்க வேண்டியதில்லை.

"சரிங்க, தொட மாட்டேன்" என்று போனை வைத்தார் வஹினி. வைத்துவிட்டு, படியின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தடவிப் பார்த்தார்.

சாரின் முகம் சாம்பலாகியிருந்தது. "அவங்க மனசு புண்பட்டிருச்சு. ஸாரி சொல்லுங்க. இதை நாங்க உடனே பூஜை ரூமுக்கு..." என்று என்னிடம் குழறினார். "கேமரா ஆஃப், ஆஃப்!" கேமராக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பண்ணை வீட்டு அம்மாவோ, "நான் அப்பவே கேட்டேன், இதை இங்க மாட்டலாமான்னு" என்றார். அவர் கேட்கவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக் கைதட்டியவர் அவர்.

"பூஜை ரூமா?" வஹினி என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் வேகமாகத் தலையாட்டினார். "இங்கேயே இருக்கணும்னு சொல்லுங்க. இதுதான் சரியான இடம். வர்றவங்க போறவங்க எல்லாம் நல்லா ஈரக்காலோட மிதிக்கட்டும்."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, ஒரு லேயரும் விடாமல் சொன்னேன்.

வஹினி பையை என் கையில் கொடுத்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். வலது காலா இடது காலா என்று பார்க்கவில்லை. அவசரப்படாமல், குனிந்து, அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

உள்பக்கம் அந்தப் பழைய குறுக்குக்கட்டை அப்படியே இருந்தது. அசல் மாறக் கூடாது என்று சார்தான் அதைக் கழற்றவிடாமல் வைத்திருந்தார்.

டொப்.

நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம். சார், பண்ணை வீட்டு அம்மா, கேமராக்காரன், நான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே குழாய் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம். ஏதோ பாட்டு முனகுவது போல இருந்தது. நேரம் போனது. சார் கடிகாரத்தைப் பார்த்தார். பண்ணை வீட்டு அம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். கடைசியில் சார் மெல்லக் கதவை ஒரு விரலால் தட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெளியிலயே இருங்க. எனக்கு இன்னும் நேரமாகும்."